கடைக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுமுன்

புதிதாகக் கடை பிடிக்கும் நம் பிள்ளைகளிடம் கட்டிட உரிமையாளர்கள் அட்வான்ஸ் மட்டும் கேட்பதில்லை. "பெரியவர் யாராவது ஜாமீன் போடட்டும்" என்கிறார்கள். அந்தப் பெரியவர் பெரும்பாலும் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிதான்.

காந்தி மார்க்கெட்டில் என் மண்டியில் எட்டு வருஷம் கணக்கு எழுதிய பையன், ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் மளிகைக் கடை வைத்தபோது நானும் போட்டேன். மூன்று வருஷ ஒப்பந்தம். படித்துக்கூடப் பார்க்கவில்லை. கெடு முடிந்ததும் என்னைக் கேட்காமலே வாடகையைக் கூட்டி இருவரும் நீட்டித்துக் கொண்டார்கள். பிறகு ஏழு மாத வாடகை நின்றது. வக்கீல் நோட்டீஸ் பையனுக்கு வரவில்லை, எனக்கு வந்தது!

"முதலில் அவனிடம் வசூல் செய்து பாருங்கள்" என்று நாம் தடுக்க முடியாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி, வாடகைதாரரின் பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 1968லேயே பீகார் பாங்க் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. என்னைக் காப்பாற்றியது 133வது பிரிவு. நம் சம்மதமின்றி ஷரத்தை மாற்றினால், அதற்குப் பிந்திய பாக்கிக்கு நாம் பொறுப்பல்ல. ஆனால் இப்போதைய பத்திரங்களில் "வாடகை கூடினாலும், காலம் நீடித்தாலும் ஜாமீன் தொடரும்" என்று ஒரு வரி சேர்த்து விடுகிறார்கள். என் பத்திரத்தில் அது இல்லாதது என் அதிர்ஷ்டம். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

128வது பிரிவிலேயே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும் என்று இடம் விட்டிருக்கிறது. பேரம் அங்கேதான். ஜாமீன் இத்தனை மாத வாடகைக்கு மட்டும், இந்தத் தேதி வரை மட்டும் என்று தொகையும் கெடுவும் எழுத வேண்டும். ஒரு மாதம் வாடகை நின்றாலே பதிவுத் தபாலில் நமக்குத் தெரிவிக்க வேண்டும். அட்வான்ஸில் கழித்த பிறகே நம்மிடம் வர வேண்டும். 130வது பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்பார்கள். குறித்த காலக் குத்தகைக்கு அது செல்லுமா என்று வாதம் கிளம்பும். ஆகவே விலகும் வழியையும் எழுதிவிடுங்கள்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. போன வருஷம் இன்னொருவருக்காகப் பேசியபோது, அட்வான்ஸில் ஒரு மாதம் கூட்டிக் கொடுத்து, ஜாமீனை ஆறு மாத வாடகையோடு நிறுத்தினேன். உரிமையாளர் முகம் சுளித்தார், ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

சாத்தார வீதிப் பையன் பாக்கியைத் தவணையில் தீர்த்தான். இப்போதும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறான். வரும்போதெல்லாம் வாடகை ரசீதைக் கேட்காமலே காட்டுகிறான்.