கறை படிந்த கை

பரீட்சை முடிவு வெளியானதும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "பையனுக்கு என்ன உத்தியோகம்?" உத்தியோகம் என்றால் நாற்காலி என்றே பொருள் கொள்கிறோம். அக்காலத்தில் குமாஸ்தாவின் நாற்காலி. இன்று கம்ப்யூட்டருக்கு எதிரே போட்ட நாற்காலி. யந்திரசாலை வேலை என்றால் தாயின் முகம் வாடுகிறது. "சட்டையில் எண்ணெய்க் கறையோடு திரியவா படிக்க வைத்தோம்?" என்கிறார் தந்தை.

கைத்தொழிலை இகழ்ந்த தேசம் அயலார் செய்த பண்டத்தை வாங்கியே வாழ வேண்டும். இதை உணர்ந்தவர் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அவர், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து நம் நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார். 1945-இல் அந்நகரில் பொறியியற் கல்லூரி தோன்றவும் காரணமாயிருந்தார். பட்டறையில் பழகாத படிப்பு அவருக்குப் படிப்பாகவே தோன்றவில்லை.

இன்றைய ஆலையிலோ கைப்பழக்கம் மட்டும் போதாது. கம்ப்யூட்டரால் இயங்கும் லேத்துக்கு, உளி செல்ல வேண்டிய இடத்தை எக்ஸ், இஸட் என்னும் இரு அச்சுகளின் எண்களால் சொல்ல வேண்டும். இரும்பைச் சரிவாகச் சீவுவதற்குத் திரிகோணமிதி வேண்டும். "இந்தக் கணக்கு எதற்கு, ஸார்?" என்று கேட்கும் மாணவனுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நிற்க, ஆசிரியர்களாகிய நம்மீதும் குற்றம் உண்டு. திருகு அளவி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும். அது தலைமயிரின் கனத்திலும் குறைவு. அக்கருவியைச் செய்முறைப் பரீட்சை நெருங்கும் வரை அலமாரியில் பூட்டி வைக்கிறோம். சூத்திரத்தை நெட்டுருப் போட்ட பிள்ளை, தன் பென்ஸிலின் கனத்தை அளந்ததில்லை.

பெற்றோரின் மற்றொரு பயம், ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மேற்படிப்புக்கு வழி அடைபடும் என்பது. அது வீண் பயம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். டிப்ளமா பெற்றவர் பொறியியற் கல்லூரியிலும் அவ்வாறே சேரலாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆலையில் பழக இடம் தருகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் மின்னணுச் சாமான் செய்யும் ஆலைகளில் பெண்கள் பெருந்திரளாக வேலை செய்கிறார்கள். ஆகையால் இது புதல்வர்களுக்கு மட்டும் சொன்னதன்று.

அடுத்த விடுமுறையில் ஒரு நாள், குழந்தைகளை அருகிலுள்ள ஒரு பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். சீவிய இரும்பின் பளபளப்பைக் கண்டு அவர்கள் கண்கள் மலர்ந்தால் தடுக்க வேண்டாம். சட்டையில் படிந்த கறை சோப்பில் போய்விடும். தொழிலை இழிவென்று எண்ணும் கறைதான் எளிதில் போவதில்லை.