கல்லாவில் உட்கார்ந்த கணினி

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்து டிபன் கடைகளில் விடிந்தும் விடியாமலே இடம் பிடிக்க முடியாது. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, துணி மாற்றிய கையோடு கூட்டம் நேராக இலைக்கு வருகிறது. ஒரு மேசையில் பரமக்குடிக்காரர்கள், அடுத்ததில் ஆந்திராவிலிருந்து வந்த குடும்பம், அதற்கும் அடுத்ததில் பீகாரிலிருந்து வந்தவர்கள். "ரெண்டு ரோஸ்ட், ஒரு செட் பூரி, ஒண்ணு மட்டும் வெங்காயம் இல்லாம" என்று சப்ளையர் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பதும், தோசை மாஸ்டர் அதைக் காதில் வாங்கி மனசில் வைத்துக்கொள்வதும்தான் நெடுங்காலமாக இருந்த ஏற்பாடு. பத்து மேசை வரைக்கும் அது பிசகாது. நாற்பது மேசையானால் வெங்காயம் இல்லாத தோசை வெங்காயத்தோடு போய், சாமி கும்பிட்டு வந்தவர் கோபத்தோடு எழுந்துவிடுவார்.

கொஞ்சம் பெரிய கடைகளில் இப்போது சப்ளையர் கூவுவதில்லை. கையிலிருக்கும் செல்போனில் மேசை எண்ணைத் தொட்டு, பண்டத்தைத் தொட்டு அனுப்புகிறார். அடுப்படியில் சீட்டு அச்சாகி வருகிறது. அதைக் 'கே.ஓ.டி.' (கிச்சன் ஆர்டர் டிக்கெட்) என்கிறார்கள். துரித உணவுத் தொழிலில் கணினி என்றதும் ரோபோ தோசை சுடுகிற காட்சி நினைவுக்கு வரலாம். உண்மையில் கணினி செய்கிற பெரிய வேலை இந்தச் சீட்டுதான். கேட்டது கேட்டபடி அடுப்புக்குப் போய்ச் சேரவேண்டும். போனது போனபடி பில்லில் ஏறவேண்டும்.

சீட்டும் பில்லும் அடிக்கிற இந்தக் கல்லாவின் பூர்வீகம் அமெரிக்கா. 1879இல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்ற மதுக்கடைக்காரர், வேலையாட்கள் காசை மறைக்கிறார்கள் என்ற எரிச்சலில் முதல் கல்லா இயந்திரத்தைச் செய்தார். சந்தேகத்தில் பிறந்த கருவி அது. 1974இல் மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்காக வில்லியம் புரோபெக் நிறுவனம் செய்த கல்லாவுக்குள் இன்டெல் 8008 என்ற நுண்செயலி இருந்தது. நுண்செயலி வைத்த முதல் கல்லாக்களில் அதுவும் ஒன்று. 1986இல் ஜீன் மோஷர் என்ற உணவகக்காரர், திரையைத் தொட்டு ஆர்டர் எடுக்கும் மென்பொருளைக் கண்காட்சியில் வைத்தார். மூவரில் இருவர் கடை நடத்தியவர்கள் என்பது கவனிக்க வேண்டிய சங்கதி.

சீட்டு எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது? மென்பொருளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் எண். அது எந்த அடுப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கும். ஒரே மேசை தோசையும் காப்பியும் பரோட்டாவும் கேட்டால், ஆர்டர் மூன்றாகப் பிரிந்து மூன்று பிரிண்டர்களுக்குப் போகும். இதற்கு இணையம் வேண்டாம். கடைக்குள் இருக்கும் வைஃபை பெட்டியே போதும். ராமேஸ்வரம் தீவு என்பதால் இது சின்ன விஷயமில்லை. வெளி இணைப்பு அறுந்தாலும் நல்ல மென்பொருள் பில்களைக் கடையின் கணினியிலேயே சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் மேலே அனுப்பிவிடும். இணையம் போனால் பில்லே போட முடியாது என்கிற மென்பொருளைத் தீவில் கடை வைத்திருப்பவர் வாங்கவே கூடாது.

கல்லாவில் நாம் வாங்கும் பில்லில் மையே கிடையாது. காகிதத்தின் மேல்பூச்சில் நிறமற்ற ஒரு சாயமும், அதைக் கறுக்க வைக்கும் அமிலத் தன்மையுள்ள பொருளும் தனித்தனித் துகள்களாக இருக்கின்றன. சூடு பட்டால் உருகிக் கலந்து கறுப்பாகும். பிரிண்டரின் தலைப்பகுதியில் மில்லிமீட்டருக்கு எட்டு வீதம் நுண்ணிய சூடேற்றிகள் வரிசையாக நிற்கும். 80 மில்லிமீட்டர் காகிதத்தில் அச்சாகும் அகலத்துக்கு 576 புள்ளிகள். எந்தப் புள்ளி சுட வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று நொடிக்குப் பலநூறு வரிகளுக்கு முடிவாகிறது.

சூட்டில் கறுக்கும் காகிதம் தோசைக்கல் பக்கத்தில் என்ன ஆகும்? எண்ணெய்க் கையோடு எடுத்து, கல்லுக்குப் பின்னால் செருகிய சீட்டு கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து கருகியதுபோல் கறுத்து, எழுத்து முழுகிப்போகும். அதனால்தான் பல சமையலறைகளில் இன்னும் பழைய ஊசிப் பிரிண்டரே வேலை பார்க்கிறது. ரிப்பன் மையை ஊசியால் குத்தி அச்சிடுவது. 'கர்ர்ர்' என்ற அதன் சத்தம், இரைச்சலுக்கு நடுவே புது ஆர்டர் வந்ததை மாஸ்டருக்குச் சொல்லிவிடும். உப்புக் காற்றும் சேரும் இந்தக் கரையில் செம்பு முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடுவதால், வயர் சொருகும் இடங்களை அடிக்கடி துடைத்துப் பார்ப்பது நல்லது.

சரி, தமிழ்நாட்டுக் கடையில் பில் ஏன் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வருகிறது? சாதாரண பிரிண்டரின் நினைவகத்தில் ரோமன் எழுத்துகளின் வடிவம் முன்பே பதிந்திருக்கும். 65 என்ற எண்ணை அனுப்பினால் ஆங்கில முதலெழுத்தை அச்சிட்டுவிடும். தமிழில் 'கொ' என்று அச்சிட, கணினிக்குள் 'க' ஓர் எண், ஒகரக் குறி இன்னோர் எண். அந்தக் குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறு பாதி பின்னாலும் நிற்க வேண்டும். இந்தக் கணக்கு பிரிண்டருக்குத் தெரியாது. ஆகவே மென்பொருளே முழுச் சீட்டையும் புள்ளிகளாலான படமாக வரைந்து அனுப்ப வேண்டும். மலிவான பிரிண்டரில் சற்று மெதுவாகும், அவ்வளவே. முடியாத காரியமில்லை; செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டு வாங்காதது கடைக்காரரின் சுணக்கம் என்றே எனக்குப் படுகிறது. ஆர்டர் உள்ளே வெறும் எண்ணாக இருப்பதால், வாடிக்கையாளர் பில்லைத் தமிழிலும், வடக்கிலிருந்து வந்து சமையல்கட்டில் நிற்கும் தம்பிக்கான சீட்டை இந்தியிலும் அடிக்க ஒரே அமைப்பு போதும்.

பில்கள் சேரச் சேர கணினிக்கு இன்னொரு வேலை வருகிறது. நாளைக்கு எவ்வளவு மாவு ஆட்டுவது? மாவு மிஞ்சினால் புளிக்கும், குறைந்தால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போகும். மென்பொருள் போன வாரத்து இதே கிழமையை, போன வருடத்து இதே தேதியைப் பார்த்து ஓர் எண் சொல்லும். பெருநகரத்துப் பர்கர் கடைக்கு இது போதும். ராமேஸ்வரத்தில் கவிழ்ந்துவிடும். அமாவாசை சுமார் இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை வருவது. ஆங்கிலத் தேதிக்கும் கிழமைக்கும் அது கட்டுப்படாது. பஞ்சாங்கத்தை ஒரு தனிப் பத்தியாகக் கணினிக்குள் ஏற்றினால்தான் கணக்கு உருப்படும். அதற்கும் மேலே ஒரு சோதனை வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப்பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. மண்டபத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருந்தது. ரயில் வந்த காலத்து விற்பனையைப் படித்த கணினிக்கு ரயில் இல்லாத காலம் புரியாது. ரயில் இல்லாத காலத்தைப் படித்ததற்குப் பாலம் திறந்ததும் புரியாது. கல்லாவில் இருக்கும் முதலாளிக்கு இரண்டும் புரியும். மாவு விஷயத்தில் நான் அவர் பக்கம்.

காசு வாங்கும் இடத்திலும் மாற்றம் வந்துவிட்டது. தனுஷ்கோடிப் பாதையில் மீன் வறுத்து விற்கும் கீற்றுக் கொட்டகையில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. அந்தக் கட்டம்போட்ட குறியை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு உருவாக்கியது. அவர்கள் நினைத்தது கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க. வஞ்சிரம் வறுவலுக்கு அல்ல. 2016இல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யுபிஐயைக் கொண்டுவந்த பிறகு அது நம் தெருவுக்கு வந்தது. பணம் வந்ததும் தொகையைச் சொல்கிறதே ஒரு சிறு பெட்டி, அதற்குள் ஒரு சிம் இருக்கிறது. வங்கி சரி என்றதும் பெட்டியைக் கொடுத்த நிறுவனத்தின் கணினியிலிருந்து அந்த சிம்முக்குச் செய்தி வரும். பல பெட்டிகள் முன்பே பதிந்த எண்களின் ஒலியை, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, கோத்துச் சொல்லும். கையெல்லாம் மாவும் எண்ணெயுமாக நிற்பவர் போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் பெட்டி ஊமைதான். பணம் வந்திருக்கலாம், சத்தம் மட்டும் வராது. அந்த நேரத்தில் வாடிக்கையாளரைச் சந்தேகப்படுவது நியாயமில்லை.

ரோபோக்கள் இல்லாமலில்லை. சென்னை கொளத்தூரில் 2023இல், திரையைத் தொட்டுப் பணம் கட்டினால் பிரியாணிப் பொட்டலம் வந்து விழும் ஆளில்லாக் கடை திறந்து பரபரப்பானது. பிரியாணியை அண்டாவில் வேறிடத்தில் மனிதர்கள்தான் சமைத்தார்கள்.

கணினி பில் என்றாலே சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை என்று பில்லில் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் பதிந்த சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. வரி வசூலிக்கத் தகுதி இல்லை என்று பில்லிலேயே அச்சிடவும் வேண்டும். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. மென்பொருளில் யார் எதைப் பதிந்தார்களோ அதைத்தான் இயந்திரம் அச்சிடும். அடுத்த முறை பில் வந்தால் மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்று விஷயங்களையும் பாருங்கள். கணக்குக்கு வேண்டுமென்றால் அப்போதே படம் எடுத்து வையுங்கள். சூட்டில் பிறந்த எழுத்து சட்டைப் பையில் அதிக நாள் தங்காது.