சூரிய விளக்கு ஏன் மங்குகிறது?



மோட்டார் கொட்டகையிலும் களத்துமேட்டுக் காவல் குடிசையிலும் இப்போது பலர் சோலார் விளக்கு வைத்திருக்கிறீர்கள். 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சோலார் விளக்குகளும் கொடுத்தார்கள். முதல் வருஷம் விளக்கு பளிச்சென்று எரியும். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கே கண்ணை மூடிக்கொள்ளும். உடனே, "பேட்டரி செத்துப் போச்சுங்க" என்று பெரிய காஞ்சிபுரம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கி வந்துவிடுகிறோம். அடுத்த வருஷம் புதுசுக்கும் அதே கதி.

பேட்டரி பெரும்பாலும் வயசாகிச் சாவதில்லை, பட்டினியால் சாகிறது. பேட்டரிக்குள்ளே ஈயத் தகடும் கந்தக அமிலமும் இருக்கின்றன. கரண்டை எடுக்க எடுக்கத் தகட்டின் மேல் வெள்ளையாக ஓர் உப்பு படியும். அன்றன்றைக்கு முழுசாகச் சார்ஜ் ஏறினால் அது கரைந்துவிடும். அரை வயிறாகவே நாள்கணக்கில் கிடந்தால் உப்பு கெட்டியாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு வெயில் அடித்தாலும் கரையாது. மாட்டுக்குத் தீனி சரியாக வைக்காமல், பால் குறைந்துபோச்சு என்று மாட்டை மாற்றினால் புது மாடு மட்டும் கறக்குமா? ஆகவே முதலில் தீனி போகிறதா என்று பாருங்கள்.

இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். எலெக்ட்ரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டி.சி. வோல்ட் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வெயிலில், மதியம் பன்னிரண்டு மணி சுமாருக்கு, பேனல் கம்பி இரண்டையும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கான பேனல் என்றால் 19, 20 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. எலி கடித்ததா என்று பாருங்கள். பேனல்மேல் நிழல் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை நம்மவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பேனலில் இருக்கும் 36 சில்லுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தவை. ஒரு தென்னை மட்டையின் நிழல் இரண்டு சில்லு மேல் விழுந்தாலும் வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்த மாதிரிதான். போரடிக்கிற தூசி, காக்கை எச்சம், பக்கத்தில் கல்குவாரி இருந்தால் அந்தப் புழுதி, எல்லாம் பேனலில் படிந்து கரண்டைக் குறைக்கும். வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் காலையில், ஈரத்துணியால் துடைத்தால் போதும். காய்ந்து கிடக்கும் கண்ணாடியில் மதியம் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

பேனல் தெற்குப் பார்த்து, நம் ஊருக்குச் சுமார் 13 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கூரைத் தகட்டோடு ஒட்டி வைக்கக்கூடாது, கீழே காற்று போக ஒரு சாண் இடைவெளி வேண்டும். பேனல் சூடேறினால் வோல்ட் இறங்கும். குளிர்ந்திருக்கும்போது 18 வோல்ட்டில் வேலை செய்கிற பேனல், சித்திரை வெயிலில் கொதிக்கும்போது பதினைந்தரைக்கு வந்துவிடும். வெயில் அதிகம், அதனால் சார்ஜும் அதிகம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இங்கேதான் கம்பியின் கனம் முக்கியமாகிறது. 100 வாட் பேனல் மதியத்தில் ஐந்து ஆம்பியர் சுமாருக்குக் கொடுக்கும். கூரையிலிருந்து பேட்டரி 10 மீட்டர் தூரம் என்றால், போக வர 20 மீட்டர் கம்பி. சல்லிசாகக் கிடைக்கிறது என்று 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் வழியிலேயே இரண்டு வோல்ட் கிட்டத்தட்டக் காணாமல் போகும். பதினைந்தரையில் இரண்டு போனால் மிச்சம் பதின்மூன்றரை. பேட்டரி முழுசாக நிரம்ப 14.4 வோல்ட் வேண்டும். அப்புறம் எப்படி நிரம்பும்? 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டோடு நின்றுவிடும். பேனலுக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டுக் கம்பியில் மிச்சம் பிடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

கம்பியை மறுபடி மாட்டி, சார்ஜ் ஏறும்போது கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் ஒரு முறை, பேட்டரியின் ஈயக் குமிழிலேயே ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது குமிழில் பச்சைப் பொடி பூத்திருக்கிறது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, முறுக்கிவிட்டு, வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட பேட்டரிக்குள் போகக்கூடாது. கழற்றும்போது பேனலை முதலிலும் பேட்டரியைக் கடைசியிலும் கழற்றுங்கள். மாட்டும்போது பேட்டரிதான் முதலில்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, எல்லாக் கம்பியையும் கழற்றி ராத்திரி சும்மா விட்டு, காலையில் அளங்கள். 12.6 என்றால் நல்ல நிலை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பத்தரை சுமாருக்கு நின்றால் ஆறு அறைகளில் ஒன்று போய்விட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். மதியம் சீக்கிரமே 14 காட்டி, விளக்குப் போட்டதும் சட்டென்று 11-க்கு இறங்கினால், நான் சொன்ன உப்பு இறுகிவிட்டது என்று அர்த்தம்.

சிலர் டிராக்டரிலிருந்து எடுத்த பழைய பேட்டரியை வைக்கிறார்கள். அது வண்டியைக் கிளப்ப ஒரு நொடி வேகமாகக் கரண்ட் கொடுக்கச் செய்தது. ராத்திரி முழுக்க இழுத்தால் தாங்காது. சோலாருக்கென்று விற்கும் டியூபுலர் பேட்டரியே ஏற்றது. அதிலும் பாதிக்குமேல் தினமும் எடுக்காதீர்கள். 40 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தம் 480 வாட்-அவர் உண்டு, 240 எடுக்கலாம். ஒன்பது வாட் விளக்கு இரண்டு ஆறு மணி நேரம் எரிந்தால் 108 ஆகிறது. அதோடு ஒரு சின்ன மின்விசிறி விடியவிடிய ஓடினால் கணக்கு தாண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

தண்ணீர் குறைந்தால் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டும் கூடாது. ஆசிட் ஊற்றவே கூடாது. சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். ஆகையால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். ஆசிட் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் தொடர்ந்து தண்ணீர் விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செத்துப்போன பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். வீட்டில் உடைத்து ஈயம் உருக்காதீர்கள். அந்தப் புகை பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.