இறங்காத விலை, விற்காத மனை

மனை பார்க்க வருகிறவரிடம் மதுரைப் புரோக்கர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "இடம் எங்க சார் போகப் போகுது, அது பாட்டுக்குக் கிடக்கும்." அதில் பொய்யே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும், பிள்ளைக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டி வந்தாலும், வேலை போய் மூன்று மாதம் ஆனாலும் அது அங்கேயேதான் கிடக்கும். வேலை நிலைக்குமா, விலைவாசி எங்கே போய் நிற்கும், வட்டி ஏறுமா இறங்குமா என்று தெரியாத காலத்தில், 15 அல்லது 20 லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு குடும்பம் அதை ஒத்தக்கடைப் பக்கமோ திருமங்கலம் சாலையிலோ மனையாக மாற்றலாமா, வங்கியிலேயே விட்டுவைக்கலாமா என்று குழம்புவது இயல்பு. விலை ஏறுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விற்க வேண்டி வந்தால் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. நிச்சயமற்ற காலத்தில் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியை. அதற்குப் பதில் தெரியாதவரை பணம் பணமாகவே இருப்பது நல்லது என்பதுதான் என் கட்சி.

பங்குச்சந்தை சரிந்தால் மறுநாள் காலைப் பேப்பரில் எண்ணாகத் தெரிந்துவிடும். மனை விலை அப்படிச் சரிவதில்லை. சென்ட் ஐந்து லட்சம் என்று பேசப்பட்ட இடம் மந்த காலத்திலும் ஐந்து என்றே பேசப்படும். உரிமையாளர் நாலரைக்கு இறங்கி வரமாட்டார். வாங்குகிறவர் வரவே மாட்டார். இரண்டு வருடம் கழித்து அதே ஐந்துக்குக் கிரயம் நடந்தால், "பாத்தீங்களா, விலை இறங்கவே இல்ல" என்று ஊர் பேசும். காத்திருந்த அந்த இரண்டு வருடத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தச் சந்தை எந்த அளவுக்கு இறுகிப்போகும் என்பதைத் தமிழ்நாடு 2016-இல் பார்த்தது. விளைநிலங்களைக் கேள்வி கேட்பாரின்றி மனைகளாகப் பிரித்து விற்பதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சரியாக இரண்டு மாதத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தை அனுமதியாக நம்பி மனை வாங்கியிருந்தவர்களால் அதை விற்றுப் பதிந்து கொடுக்க முடியவில்லை. பதிவு ஆகக்கூடிய மனையை வாங்கவோ சந்தையில் ரொக்கம் இல்லை. வரன்முறை விதிகள் 2017 மே மாதம்தான் வந்தன. அவையும் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும், அதற்கென்று கட்டணத்தோடு. யாருடைய இடமும் காணாமல் போகவில்லை, பத்திரமும் பீரோவில் பத்திரமாகவே இருந்தது. அந்த மாதங்களில் மகள் கல்யாணத்துக்கு மனையை நம்பியிருந்தவர்கள் நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள்.

மனை விற்பவர்கள் பெரும்பாலும் விற்பது மண்ணை அல்ல, ஒரு வாக்குறுதியை. தோப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் மருத்துவமனை என்று 2015 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள். 2018 ஜூனில் தோப்பூர் என்று முடிவானது. 2019 ஜனவரி 27-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2021 சட்டமன்றத் தேர்தலில் 'இதுதான் எய்ம்ஸ்' என்று ஒற்றைச் செங்கல் பிரசார மேடைகளில் ஏறிய கதையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022-இல் மாணவர்கள் சேர்ந்தபோது வகுப்புகள் நடந்தது இராமநாதபுரத்தில். கட்டுமானம் உருப்படியாகத் தொடங்கியது 2024-இல். 2018-இல் 'எய்ம்ஸ் பக்கத்தில்' என்ற விளம்பரத்தை நம்பி 20 லட்சம் போட்டவர், அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்க்கவே ஆறு வருடம் காத்திருந்தார். அதே தொகை 6 சதவீத வட்டியில் ஆறு வருடம் இருந்தால் 28 லட்சத்தைத் தாண்டும். இதைத் தாண்டி மனை ஏறியிருந்தால்தான் அது லாபம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட மெட்ரோவின் கதையும் தெரிந்ததுதான். மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று காரணம் சொல்லி ஒன்றிய அரசு அதை 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. காரணம் நியாயமா என்பது தனி விவாதம். வரைபடத்தில் இருந்த ஸ்டேஷனுக்காகக் கூடுதல் விலை கொடுத்தவருக்கு அந்த விவாதத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 24-இல் உயர் நீதிமன்றக் கிளை திறந்தபின் ஒத்தக்கடைப் பக்கம் எப்படி மாறியது என்பது கண்முன்னால் இருக்கிறது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வந்தபின் அந்தச் சுற்றுவட்டாரமும் அப்படியே. நத்தம் சாலை உயர்மட்டப் பாலம் 2023-இல் திறந்தபின் வடக்கே போகும் நேரம் குறைந்தது. இவையெல்லாம் நிஜம். ஆனால் திறப்பு விழா முடிந்தபிறகு வாங்கியவருக்கும் இவற்றில் பங்கு கிடைத்தது. கட்டடம் எழும்பியபின் வாங்கினால் விலை கொஞ்சம் கூடும். அறிவிப்பை நம்பி வாங்கினால் பத்து வருடமே போய்விடக்கூடும். காலம் சரியில்லாதபோது முதல் நஷ்டத்தைத் தாங்குவது எளிது.

இருபது வருடத்துக்கு முன் ஐயர் பங்களாவில் வாங்கிப் போட்டவர் இன்று கோடீஸ்வரர் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் மடங்கு என்ற சொல் நம்மை ஏமாற்றும். இருபது வருடத்தில் நாலு மடங்கு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீதம்தான். வங்கி டெபாசிட் தந்திருக்கக்கூடியதும் ஏறக்குறைய அதுவே. பத்து மடங்கு ஆகியிருந்தால் 12 சதவீதம், அது நல்ல லாபம், சந்தேகமே இல்லை. அப்படிப் பத்து மடங்கானவர்கள்தான் கல்யாண வீட்டில் பேசுவார்கள். கருவேலம் மண்டி, எல்லைக் கல்லும் பிடுங்கப்பட்டு, வாரிசுச் சண்டையில் மாட்டிய மனைக்காரர் வாய் திறப்பதில்லை. செலவுக் கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-இலிருந்து 2 ஆகக் குறைத்தபோதே வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 லட்சம் மனைக்கு 1,80,000 ரூபாய் அங்கேயே போய்விடும். புரோக்கருக்கு இரு முறையும் இரண்டு சதவீதம் என்று வைத்தால், வாங்கிய விலைக்கே திருப்பி விற்றாலும் இரண்டரை லட்சத்துக்கு மேல் காலி. பத்திரத்தில் குறைத்துக் காட்டி மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்தவர் தீர்வையில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம். ஆனால் கிரயத்தில் வில்லங்கம் வந்தால், அந்த ரொக்கத்தைக் கொடுத்ததற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. மனை விலையாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி விதிமீறல் என்பது தனிக்கதை.

பணத்தைச் சும்மா வைத்தால் விலைவாசி தின்றுவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டபோது டெபாசிட் வட்டி அதற்குக் கீழேதான் இருந்தது. 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5-இலிருந்து 5.25 சதவீதத்துக்கு இறக்கியபின் டெபாசிட் வட்டியும் இறங்கியிருக்கிறது. ஆனால் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்றானபின், சாதாரணக் குடும்பத்தின் வட்டி வருமானம் முழுதாகக் கையில் நிற்கிறது. நீண்டகாலம் வைத்திருந்து மனை விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது. 20 லட்சத்தை நாலைந்து வங்கியில் பிரித்துப் போடுவது பெரிய வேலை இல்லை. விலைவாசியால் பணம் இழப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம். அவசரத்துக்கு மனையைத் தள்ளிவிடுகிறவர் ஒரே கையெழுத்தில் இருபது சதவீதம் இழப்பார்.

இன்னும் வலுவான ஆட்சேபம் வேறு. கையில் காசு நிற்காது. மனையாகப் போட்டால்தான் நிற்கும். மச்சினன் கடை வைக்கக் கேட்பான், சித்தப்பா கைமாத்து கேட்பார், "எல்லாம் இடத்துல போட்டாச்சுப்பா" என்றால் பேச்சு முடிந்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாத ஊரில் மனை ஒரு பூட்டு. ஆனால் வங்கியில் இருக்கும் பணம் சும்மா இருக்கிறதே என்ற அரிப்பும் ஆபத்தானது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது 2023-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. இடத்தைக் காட்டியும் கூடுதல் வட்டி சொல்லியும் முதலீடு திரட்டி ஏமாற்றியதாகப் புகார். வழக்கில் யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். வங்கி வட்டி போதாது, இடமும் வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பலரின் கைக்குப் பணமும் வரவில்லை, மனையும் வரவில்லை.

ரொக்கத்துக்கு மதுரையில் உள்ள மரியாதையை அறிய ஒத்தி வீடுகளைப் பார்த்தால் போதும். செல்லூர், ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம் தெருக்களில் 'வீடு ஒத்திக்கு' என்று அட்டை தொங்கும். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்தால் இரண்டு, மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது தொகை வட்டியில்லாமல் திரும்பும். மாதம் 6,000 வாடகை போகும் வீட்டுக்கு 6 லட்சம் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். வருடம் 72,000 ரூபாய் வாடகை மிச்சம். போட்ட பணத்துக்கு 12 சதவீதம். அந்த வீட்டின் விலையே 30 லட்சம் என்றால், உரிமையாளருக்கு வாடகையாக வருவது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. 30 லட்சம் பெறும் வீட்டை வைத்திருப்பவர் ஆறு லட்சம் ரொக்கத்துக்காக 12 சதவீத வாடகையை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்றால், இந்த ஊரில் எது தட்டுப்பாடு என்பது தெரிகிறது. ஆனால் ஒத்தியிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சட்டப்படி அது அடமானம், பதிவு செய்ய வேண்டியது. பதியாவிட்டால் வில்லங்கச் சான்றில் வராது. வீட்டை ஏற்கெனவே வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் முதல் உரிமை வங்கிக்கு. கெடு முடிந்ததும் "அடுத்த ஆள் வரட்டும், தர்றேன்" என்று வீட்டுக்காரர் இழுப்பதும் வழக்கம்.

வாடகையோ ஒத்தியோ கொடுத்துக்கொண்டிருப்பவர் தான் குடியிருக்க வீடு வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். விலை ஏறினாலும் இறங்கினாலும் அதில் குடும்பம் இருக்கப்போகிறது. ஒரு வருடச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருந்து, மாதத் தவணை வட்டி ஏறினாலும் தாங்கும் என்றால் வாங்கலாம். 2020-இல் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனபோது வீட்டுக்கடன் வாங்கியவர்களின் தவணைக் காலம் நீண்டதை மறந்துவிடக் கூடாது. அப்போதும் டிடிசிபி அப்ரூவல், ரெரா பதிவு, முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீலிடம் காட்டியாக வேண்டும். மதுரையில் அதோடு ஒரு வேலை கூடுதல். இங்கே கண்மாய்கள் அதிகம். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரையில் வெள்ளையடித்த கல் ஊன்றி, கலர் கொடி கட்டி விற்றால் எதுவும் தெரியாது. ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, தன் பழைய வழியைத் தேடித்தான்.

குடியிருக்க அல்லாமல் முதலீட்டுக்கென்று மனை பார்க்கிறவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அதே நகரில் உங்களுக்கு ஒரு மனை இருப்பதாகவும், மூன்று மாதத்தில் பணம் வேண்டும் என்றும் வேறொரு புரோக்கரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன விலை சொல்கிறார், எத்தனை நாள் ஆகும் என்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த விலைக்குத் தந்தால் மட்டும் வாங்குங்கள்.