ஏகாம்பரநாதர் கோவில் மாமரம் பூப்பதை செல்போனில் படம் எடுக்கலாமா?

காஞ்சீபுரம்,

ஜப்பானில் செர்ரி மரங்கள் பூத்தால் போதும், டோக்கியோ யுனோ பூங்காவில் கேமராவும் கையுமாக கூட்டம் அலைமோதும். பட்டு நகரமான காஞ்சீபுரத்தில் அப்படி தேடிப்போய் பார்க்கிற மரம், ஏகாம்பரநாதர் கோவில் தல விருட்சமான மாமரம்தான்.

இதன் அடியில் அம்மன் மணலில் லிங்கம் பிடித்து வழிபட்டார் என்கிறது தல வரலாறு. 4 கிளைகளும் 4 வேதங்கள், ஒவ்வொரு கிளையின் பழமும் ஒரு ருசி என்பது பக்தர்களின் நம்பிக்கை.

செல்போனுக்கு தடை

தை, மாசி மாதங்கள் மாமரங்கள் பூக்கும் காலம். போட்டோ ஆசையோடு வருகிறவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். தமிழக கோவில்களுக்குள் செல்போனுக்கு தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை உத்தரவிட்டது. எனவே செல்போனை வெளியில் வைத்துவிட்டு, மரத்தை கண்குளிரப் பார்ப்பதே நல்லது. 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரத்தை தெருவில் நின்றே ஜோராக படம் எடுக்கலாம்.

பூவை கிள்ளாதீங்க

பிரசாதம் மாதிரி பூங்கொத்தை ஒடித்துப் போகவும் கூடாது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும், காயாக நிற்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான். மழைக்கும் பனிக்கும் தத்துப்பூச்சிக்கும் தப்பிப்பதே கொஞ்சம். அதையும் கிள்ளினால் மரத்தில் காய் ஏது?