பாதியில் நின்ற கதையும் பெயர் பெறாத பெண்ணும்

சென்ற பாடசாலை விடுமுறையில், கல்முனையிலுள்ள எங்கள் இல்லத்தில் இஷாத் தொழுகை முடிந்த பின்னர் நாள்தோறும் ஒரு நாடகம் நடந்தது. மகளின் மடிக்கணினியே அதற்கு மேடை. உயர்தர வகுப்பில் பயிலும் மகளும், ஆங்கிலம் அறியாத அவளுடைய மூத்தம்மாவும், நானும் அதன் பார்வையாளர். "ஏஜண்ட் காட்டர்" என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை மகள் காட்சிக்குக் காட்சி தமிழிற் சொல்லிவர, மூத்தம்மா வெற்றிலைத் தட்டத்தையும் மறந்து கேட்டிருந்தார்.

பதினெட்டாவது அங்கத்தின் இறுதியில் ஓர் அதிகாரி தம் விடுதி அறையிற் சுடப்பட்டு வீழ்கிறார். சுட்டவன் அங்கிருந்த இரகசியக் கோவையை எடுத்துக்கொண்டு மறைகிறான். அவ்வளவில் திரை இருண்டது.

"சுட்டது ஆரு மகள்?" என்றார் மூத்தம்மா.

"தெரியா மூத்தம்மா. கதையை இதோட நிப்பாட்டிட்டாங்க."

மூத்தம்மாவுக்கு வந்த கோபத்தைக் கண்டு நான் நகைத்தேன். ஆயினும் அதே கோபம் 2016ஆம் ஆண்டிலே கடல் கடந்த நாடுகளிற் பல்லாயிரம் நேயர்களுக்கு உண்டாயிற்று என்பதைப் பின்னர் அறிந்தபோது, அது வெறும் நகைப்புக்குரிய விடயம் அன்று என்பது புலனாயிற்று.

கதை யாது?

இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஆண்கள் போர்முனையிலிருந்து திரும்பிவிட்ட 1946ஆம் ஆண்டு. இடம் நியூயோர்க் நகரம். போர்க்காலத்தில் உயிரைப் பணயம் வைத்து ஒற்றறிந்த பெக்கி காட்டர் என்னும் ஆங்கிலப் பெண், இப்பொழுது ஓர் இரகசிய அலுவலகத்தில் இருக்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைக்கும் பணி, ஆண் அதிகாரிகளின் மதிய உணவுக்குச் சொல்லி அனுப்புவதும், கோவைகளை அடுக்குவதுமே. பகலில் அவற்றைச் செய்துகொண்டே, அவர்கள் அறியாவண்ணம் அவள் உண்மையான பகைவரைத் தேடிப் பிடிக்கிறாள். இரண்டாம் பருவத்தில் கதை 1947ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் பெயர்கிறது.

பெக்கியாக நடித்தவர் ஹெய்லி அட்வெல். 2011இல் வெளியான "கப்டன் அமெரிக்கா" திரைப்படத்தில் வீரனின் காதலியாக வந்த பாத்திரமே, ஏ.பி.சி. நிறுவனத்தின் இத்தொடரில் நாயகியாக உயர்ந்தது. 2015 ஜனவரி 6இல் தொடங்கிய முதற்பருவம் 8 அங்கங்களையும், 2016 மார்ச் 1இல் முடிவுற்ற இரண்டாம் பருவம் 10 அங்கங்களையும் கொண்டவை. அதே ஆண்டு மே மாதம் தொடர் நிறுத்தப்பட்டது.

முதற்பருவத்தின் முடிவிலே, பெக்கி நகரத்தையே காத்த பின்னர், பாராட்டு முழுவதையும் உடன் பணிபுரியும் ஆண் அதிகாரி ஒருவர் பெற்றுக்கொள்கிறார். பெக்கியோ தன் மதிப்பைத் தான் அறிந்தாற் போதுமென்று அமைதியாகச் செல்கிறாள். இக்காட்சியில் மூத்தம்மா, "இந்தப் புள்ளதானே மகள் எல்லா வேலையும் செஞ்சது? பேர மட்டும் அவன் எடுத்துக்கிட்டானே!" என்று நொந்துகொண்டார். அவர் மருதமுனையில் ஒரு நெசவாளர் வீட்டிற் பிறந்தவர். நூல் சுற்றிய கைகள் எவருடையவை, சந்தையில் எவருடைய பெயருக்குப் புடைவை விலைபோயிற்று என்பதை அவர் இளமையிலேயே கண்டவர். மொழி தெரியாத கதை அவருக்கு விளங்கியதில் வியப்பில்லை.

நேயர் கூறிய நியாயங்கள்

தொடர் நின்றபோது நேயர்கள் பலவாறு பேசினர். ஒரு சாரார், பெண் தலைமை தாங்கும் கதை என்பதனாலேயே நிறுவனம் அதனைப் புறக்கணித்தது என்றனர். வேறொரு தொடர் இளைப்பாறும் வாரங்களில் இடைவெளி நிரப்பவே இதனைப் பயன்படுத்தினார்கள் என்று அவர்கள் எடுத்துக்காட்டினர், அது மெய்யே. மற்றொரு நிறுவனமாவது தொடரை ஏற்று நடத்தவேண்டுமென்று கோரிய விண்ணப்பத்தில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர்.

மற்றொரு சாரார் தொடரின் குறைகளையே காட்டினர். முதற்பருவத்தின் கட்டுக்கோப்பு இரண்டாவதில் இல்லை; அறிவியல் அற்புதமும் காதற் போட்டியும் ஒற்றறியும் கதையை விழுங்கிவிட்டன என்பது அவர்கள் கருத்து. முதற்பருவத்து நியூயோர்க்கில் கறுப்பின மக்களைக் காண்பதே அரிதாயிருந்தது என்ற கண்டனமும் எழுந்தது. இரண்டாம் பருவத்தில் ஒரு கறுப்பின விஞ்ஞானி முக்கிய பாத்திரமாக வந்தார்.

மூன்றாஞ் சாரார் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். முதல் நாளில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் கண்ட தொடரை, இறுதி நாளில் 25 இலட்சம் பேர்கூடக் காணவில்லை. பழைய காலத்து உடைகளையும் மோட்டார் வண்டிகளையும் தெருக்களையும் மீண்டும் உருவாக்குவது செலவு மிகுந்த காரியம். விளம்பரத்தால் வாழும் நிறுவனம் கண்களை எண்ணியே கதையை வளர்க்கும்.

இவற்றுள் எது சரி? பெண் என்பதற்காகவே நிறுத்தினார்கள் என்று முற்றாகச் சொல்வதற்கில்லை. அதே நிறுவனம் அதே ஆண்டிலே அதே நடிகையை நாயகியாக்கி வேறொரு தொடரை ஒளிபரப்பிற்று. அதுவும் 13 அங்கங்களோடு முடிந்தது. ஆனால் கணக்கு மட்டுமே முழு உண்மையும் அன்று. 2019இல் வெளியான "அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்" திரைப்படத்தின் இறுதிக் காட்சியில் பெக்கியே தோன்றினாள். எண்ணிக்கையில் தோற்ற பாத்திரம் நினைவில் தோற்கவில்லை. சுட்டவன் யார் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை.

கற்பனையல்லாத பெக்கி

"இப்படி மெய்யாகப் பெண்கள் இருந்தார்களா, வாப்பா?" என்று மகள் கேட்டாள். இருந்தார்கள். பிரித்தானியாவின் இரகசியப் போர் நிறுவனம் தன் பிரெஞ்சுப் பிரிவின் மூலம் 39 பெண்களைப் பகைவர் வசமிருந்த பிரான்சுக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவர் நம்மவர் அறிந்திருக்கவேண்டிய நூர் இனாயத் கான்.

1914 ஜனவரி முதலாம் திகதி மொஸ்கோவிற் பிறந்த நூரின் தந்தை, இந்தியாவைச் சேர்ந்த ஸூஃபி ஞானியும் இசைவாணருமான இனாயத் கான். அவர் வழியில் நூர், மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் மரபினர். பாரிஸ் நகரருகே வளர்ந்து, சிறுவர் கதைகள் எழுதினார். நம் சிங்களச் சகோதரர் போற்றும் ஜாதகக் கதைகளுள் இருபதைச் சிறுவருக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939இல் வெளியிட்டவரும் இவரே.

பயிற்சியின்போது இவருடைய அறிவுத்திறனையே ஐயுற்று எழுதினார் ஓர் அதிகாரி. எனினும் 1943 ஜூன் மாதத்தில், பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதலாவது பெண் வானொலித் தந்தியாளராக அவர் சென்றிறங்கினார். சில நாட்களிலேயே உடனிருந்த ஒற்றர் கூட்டம் பகைவரிடம் அகப்பட்டது. இலண்டன் திரும்புமாறு அழைத்தபோது, தாம் போனாற் செய்தி அனுப்ப ஆளில்லை என்று மறுத்துவிட்டார். ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கருவியைப் பெட்டியில் சுமந்துகொண்டு வீடு மாறி வீடு சென்று செய்தி அனுப்பினார். அக்டோபரில் ஒருவர் காட்டிக்கொடுக்கப் பிடிபட்டார். தப்பியோட முயன்றமையால் மாதக்கணக்கில் விலங்கிடப்பட்டுக் கிடந்தும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டெம்பர் 13இல் டகாவ் முகாமில், வேறு மூன்று பெண் ஒற்றர்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 30. 1949இல் பிரித்தானியா அவருக்கு ஜோர்ஜ் சிலுவை விருதை வழங்கிற்று. இலண்டன் மாநகரில் அவர் சிலை அமைய 2012 வரை செல்லவேண்டியிருந்தது.

இதனைக் கேட்டு முடிந்ததும் மூத்தம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இந்தப் புள்ளைட கதைய ஆரும் படமா எடுக்கல்லையா?" என்றார்.

எடுத்திருக்கிறார்கள். 2019இல் வெளியான "எ கோல் டு ஸ்பை" என்னும் திரைப்படத்தில் நூராக ராதிகா ஆப்தே நடித்திருக்கிறார். ஷ்ரபானி பாசு எழுதிய நூரின் வரலாற்று நூலும் உண்டு. மாணவ நேயர்கள் தேடிப் படிப்பது நன்று.

கற்பனைப் பெண்ணின் கதை பாதியில் நின்றதற்கு ஓர் இலட்சம் பேர் ஒப்பமிட்டது தவறன்று. அதில் ஒரு பகுதி ஆர்வத்தையேனும் மெய்யாக வாழ்ந்து மறைந்த பெண்களின்பால் நாம் செலுத்தலாகாதா? அடுத்த விடுமுறைக்கு எங்கள் வீட்டு மேடையில் நூரின் கதை என்று மகள் முடிவு செய்துவிட்டாள். தமிழிற் சொல்லிக்கொண்டு வரும் பொறுப்பு இம்முறை என்னுடையதாம்.