கறுப்புத் திரை – 9: இன்றைய பக்கமா, நேற்றைய பக்கமா?

கடலூர்க்காரர்களுக்கு நவம்பர், டிசம்பர் பிறந்தாலே வயிற்றைக் கலக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்தது. இப்போதெல்லாம் மழை வலுத்தால், சிதம்பரத்திலோ பரங்கிப்பேட்டையிலோ இருப்பவர் உடனே செல்போனில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைத் தேடுகிறார். அவர் கண்ணில் படும் பக்கம் இன்றையதுதானா?

பிரவுசர் ஒருமுறை வாங்கிய பக்கத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே அதை எடுத்து நீட்டிவிடவும் கூடும். கமாண்ட் லைனில், அதாவது கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இயக்கும் 'கர்ல்' ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுவிட்டுத்தான் வரும். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-ல் வெளியிட்ட நிரல் இது. விண்டோஸ் 10-லும் மேக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கர்ல் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் போட்டு, தளத்தின் முகவரியைக் கொடுங்கள். பக்கம் வராது, அதன் தலைப்புக் குறிப்புகள் மட்டும் சில வரிகளில் வரும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் தள்ளாடும்போதும் இது வந்துவிடும் என்பதால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம். முதல் வரியில் 200 என்றால் தளம் நலம். 301 என்றால் முகவரி மாறியிருக்கிறது. பெரிய 'எல்'லையும் சேர்த்துக் கொடுத்தால் புது முகவரிக்குத் தானே போய்விடும். 503 என்றால் சர்வர் திணறுகிறது.

அடுத்து 'டேட்' வரி. அது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 12:30 என்றிருந்தால் நமக்கு மாலை ஆறு. 'ஏஜ்' என்றொரு வரி இருந்து, அதில் 3600 (விநாடிக் கணக்கு) என்றிருந்தால், வந்திருப்பது நடுவில் ஏதோ ஒரு சர்வர் ஒரு மணி நேரமாகக் கையில் வைத்திருக்கும் நகல். பள்ளி விடுமுறையா இல்லையா என்று பார்க்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

தளம் எங்கே குடியிருக்கிறது என்பதையும் பார்க்கலாம். கடலூர் மாவட்டத் தளத்தின் பக்கத்தைக் கர்லில் இறக்கி, அதில் 'எஸ்3வாஸ்' என்ற சொல்லை சொல் தேடும் நிரலான 'கிரெப்' கொண்டு தேடுங்கள். படங்களின் முகவரிகளில் அது வரிசையாக வரும். தேசியத் தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்காக நடத்தும் பொது மேடையின் பெயர் அது. ஆகவே மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் இருட்டில் கிடந்தாலும் தளம் விழ வேண்டிய அவசியமில்லை. ஆனால் புது அறிவிப்பை ஏற்ற இங்கே ஒருவருக்கு மின்சாரமும் இணையமும் வேண்டும். தளம் 200 என்று சொல்லிக்கொண்டே பழைய செய்தியைக் காட்டுவது இப்படித்தான் நேர்கிறது. அந்த நேரத்தில் அறிவிப்பிலுள்ள தேதியையும் படியுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குப் போன் போட்டும் கேளுங்கள்.